வில்லா உர்கிசா பாணி, மிலோங்கேரோ பாணி: பேட்டைக்கு ஒரு டாங்கோ நிஜமாகவே இருந்ததா?

நடைபழகி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். அர்ஜென்டினா டாங்கோ கொஞ்ச காலமாகக் கற்றுக்கொண்டு வருகிறேன். நடக்க வருகிறது, திரும்ப வருகிறது, கூட்டத்தில் யார் மேலும் மோதாமல் தளத்தை ஒரு சுற்று சுற்றி வந்துவிட முடிகிறது. குழப்பமெல்லாம் வேறு இடத்தில். இரண்டு ஆசிரியர்களிடம் போகிறேன், இருவரும் 'பாரம்பரியம்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நேர் எதிராகப் பேசுகிறார்கள். ஒருவர், வில்லா உர்கிசா பேட்டையில் ஆடியதுதான் அசல் சலோன் (நடனக்கூட) டாங்கோ, நீளமாக, நிதானமாக நடக்கத் தெரியாதவன் ஆடுவது டாங்கோவே இல்லை என்கிறார். இன்னொருவர், நெஞ்சோடு நெஞ்சு சாய்ந்து சின்னச் சின்ன அடியாக ஆடும் மிலோங்கேரோ பாணிதான் புவெனஸ் ஐரஸின் பழைய ஆட்டக்காரர்கள் இரவெல்லாம் ஆடியது, மீதியெல்லாம் வேடிக்கை பார்ப்பவர்களுக்காகச் சேர்த்த அலங்காரம் என்கிறார்.

சரி, நாமே பார்த்துவிடலாம் என்று பழைய வீடியோக்களை உட்கார்ந்து பார்த்தேன். ஜெரார்டோ போர்த்தலேயா நடக்கிறார், நிற்கிறார், இசை ஓடிக்கொண்டே இருக்கிறது, அவர் அவசரப்படவே இல்லை, அந்த நிற்றலே ஆட்டமாக இருக்கிறது. அடுத்ததாக தேதே ருஸ்கோனியைப் பார்த்தால் கனமான உடம்பு, ஆனால் வால்ஸ் போட்டதும் பந்து மாதிரி உருண்டு போகிறார், அணைப்பு ஒரு இடத்திலும் விலகவில்லை. இரண்டு பேருமே அந்த ஊர்க்காரர்கள், இரண்டு பேருமே மிலோங்கா என்கிற டாங்கோ நடன இரவுகளிலேயே வாழ்ந்தவர்கள். இதில் எதை அசல், எதை நகல் என்பது?

என் கேள்வி நேரடியானது. பேட்டைக்குப் பேட்டை ஆட்டம் வேறாக இருந்தது என்பது உண்மையா, இல்லை பிற்பாடு ஒட்டிய பெயரா? இதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத்தான் கற்க வேண்டுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், சண்டை வந்தாலும் பரவாயில்லை.

—

இரவுரோண்டா எழுதியது:

இருந்தது நண்பரே, சந்தேகமே வேண்டாம். ஏன் இருந்தது என்று புரிந்துகொள்ள வேண்டுமானால் 1940களில் ஒரு பையன் எப்படி ஆடக் கற்றுக்கொண்டான் என்று பார்க்க வேண்டும். இன்று போல டாங்கோ பள்ளி, கட்டணம், வாரம் ஒரு பாடம் என்பதெல்லாம் அவனுக்குக் கிடையாது. தன் பேட்டையில் இருக்கும் கிளப்புக்கோ மூலையில் இருக்கும் ஏதாவது ஒரு கூடத்துக்கோ போவான், அங்கே ஆண்கள் ஆண்களோடு பழகிக்கொண்டிருப்பார்கள். அதுதான் 'பிராக்திகா'. புதிதாக வந்த பையனை முதலில் பெண்ணின் இடத்தில் நிறுத்துவார்கள். பெரியவர்கள் அவனை இழுத்துக்கொண்டு நடப்பார்கள், மாதக்கணக்கில் பின்னால் நடந்து நடந்துதான் முன்னால் நடப்பது என்றால் என்ன என்று அவன் உடம்புக்குத் தெரிய வரும். அது தெரிந்த பிறகே ஆண் அடி. அதற்கும் பிறகுதான் யாராவது அவனை நடன இரவுக்கு அழைத்துக்கொண்டு போவார்கள்.

இப்படிக் கற்றவன் யாரைப் போல நடப்பான்? தினமும் தன்னைப் பிடித்து நடத்திய அந்த ஏழெட்டுப் பேரைப் போலத்தான். வட்டார வழக்கு உருவாவதும் இப்படித்தானே, யாரும் திட்டம் போட்டு உருவாக்குவதில்லை, ஒரே ஆட்களோடு பேசிப் பேசி வந்துவிடுகிறது. அந்தத் தலைமுறை ஆட்டக்காரர்கள் பலர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள், ஒருவன் தளத்தில் இறங்கி நாலு அடி வைத்தால் எந்தப் பக்கத்து ஆள் என்று சொல்லிவிட முடியும் என்று. வடமேற்கில் வில்லா உர்கிசா, மேற்கே மத்தாதெரோஸ், ரியாச்சுவேலோ ஆற்றைத் தாண்டித் தெற்கே அவெஷனேடா என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பெயர் இருந்தது, அந்தப் பெயரைக் காப்பாற்றும் ரோஷமும் இருந்தது.

இன்னொரு விஷயம் இடம். வில்லா உர்கிசாவின் சண்டர்லாண்ட் கிளப் தளம் உண்மையில் ஒரு கூடைப்பந்து மைதானம். அவ்வளவு பெரிய, வழுக்கும் தரையில் நீளமாக நடக்க இடம் இருக்கிறது, கால் தானாகவே நீளும். நகர மையத்தில், கான்ஃபித்தேரியா என்கிற தேநீர்க் கூடங்களிலும் காபரேக்களிலும் மேசைகளுக்கு நடுவே கொஞ்சம் தரை விட்டிருப்பார்கள், அதில் நெருக்கியடித்துக்கொண்டு ஆட வேண்டும். அங்கே நீளமாகக் கால் வைத்தால் அடுத்தவன் குதிகாலில்தான் போய் விழும். நெருங்கிய அணைப்பும் குட்டை அடியும் அங்கே தேவையாலேயே வந்துவிட்டன.

அப்புறம் கண்டுபிடிப்புகளும் கிளப்புகளுக்குள்ளேதான் நடந்தன. 'பெத்ரோலியோ' என்று எல்லாரும் அழைத்த கார்லோஸ் எஸ்தேவெஸைப் பற்றித் தேடிப் பாருங்கள். நெல்சன் கிளப்பில் நண்பர்களோடு பழகிப் பழகி, பெண் ஆணைச் சுற்றி வரும் 'ஹிரோ'வை இன்று நாம் அறிந்த வடிவத்துக்குக் கொண்டு வந்தவர்களில் முக்கியமானவர் அவர். அந்தச் சுழற்சி இல்லாத டாங்கோவை இன்று யாராவது யோசிக்க முடியுமா? இந்த மாதிரி வேலை ஒரு கிளப், ஒரு குழு, ஒரு மூலை என்று இருந்தால்தான் நடக்கும். ஆகவே பேட்டை பாணி பொய் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

—

பாண்டோனியன் எழுதியது:

இரவுரோண்டா சொன்ன வரலாற்றில் எனக்கு மறுப்பு இல்லை, முடிவில்தான் மறுப்பு. பேட்டைகளில் வித்தியாசம் இருந்தது, சரி. ஆனால் இன்று வகுப்பில் விற்கிறார்களே 'வில்லா உர்கிசா பாணி' என்று, தோள் இப்படி, அணைப்பு இப்படி, நடை இப்படி, இந்த அலங்காரம் கட்டாயம் என்று ஒரு சட்டகம், அது அந்தக் காலத்தில் இருந்ததில்லை.

அதே வில்லா உர்கிசா ஆட்களையே எடுத்துக்கொள்ளுங்கள். போர்த்தலேயா, 'மிலோங்கிதா' என்ற லூயிஸ் லெமோஸ், 'லாம்பாஸோ' என்ற ஹோசே வாஸ்கெஸ் என்று அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தால் ஒருவர் மாதிரி ஒருவர் இல்லை. இருக்கவும் கூடாது என்பதுதான் அவர்களுடைய எழுதாத சட்டம். அடுத்தவன் அடியை அப்படியே எடுத்து ஆடுவது அங்கே கேவலம். எல்லாரும் ஒரே மாதிரி ஆட வேண்டும் என்ற எண்ணமே அவர்களுக்கு அந்நியம், இன்று அவர்கள் பெயராலேயே எல்லாரையும் ஒரே மாதிரி ஆட வைக்கிறோம், இதுதான் எனக்குப் பொறுக்க முடியாதது.

மிலோங்கேரோ பாணியும் அப்படியே. நெருக்கமாக ஆடுகிறவர்கள் 1950களிலேயே இருந்தார்கள், நகர மையத்தில் நிறையவே இருந்தார்கள். ஆனால் அதை ஒரு பாணியாகப் பிரித்து, பாடமாக்கி, இந்தப் பெயரோடு உலகம் முழுக்கக் கொண்டு போனது 1990களில் சுசானா மில்லர். அல்மாக்ரோ கிளப்பில் பாடம் எடுத்தவர், அங்கே வந்த பழைய ஆட்டக்காரர்கள் ஆடியதை உற்றுப் பார்த்துத்தான் பாடமாக்கினார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, நெரிசலில் ஆட வெளிநாட்டுக்காரர்களுக்குக் கற்றுக்கொடுத்ததே பெரிய உதவி. ஆனால் பெயர் வந்த பிறகு அதற்குப் போட்டியாக இன்னொரு பெயர் தேவைப்பட்டது. ஐரோப்பாவில் பயிலரங்கு போடுகிறவருக்கு விளம்பரத்தில் எழுத ஏதாவது வேண்டுமே. பேட்டைப் பெயர் கைக்கு வாகாக இருந்தது.

நடுவில் இருக்கும் இடைவெளியையும் மறக்க வேண்டாம். 1955இல் ஜனாதிபதி பெரோனைக் கவிழ்த்த பிறகு டாங்கோ மெல்ல மெல்ல ஒதுங்கியது, இளைஞர்கள் ராக் பக்கம் போனார்கள், 1976 முதல் 1983 வரை ராணுவ ஆட்சி. இத்தனை வருடம் புதிதாகக் கற்றவர்கள் மிகக் குறைவு. 1983இல் பாரிஸில் 'டாங்கோ அர்ஹென்தினோ' நிகழ்ச்சி அரங்கேறி, 1985இல் பிராட்வேக்குப் போய், உலகமே திரும்பிப் பார்த்த பிறகு ஓடி வந்து கற்றுக்கொண்டவர்களுக்கு யார் கிடைத்தார்கள்? உயிரோடு இருந்தவர்கள், இன்னும் மிலோங்காவுக்கு வந்துகொண்டிருந்தவர்கள், கேமரா முன்னால் ஆடச் சம்மதித்தவர்கள். புவெனஸ் ஐரஸில் 48 பேட்டைகள். வீடியோவாக நம்மிடம் இருப்பது சில கிளப்புகளின் சில மனிதர்கள், அதுவும் அவர்களுடைய அறுபது வயதுக்கு மேல். 1945இல் இருபது வயதில் அவர்களே எப்படி ஆடினார்கள் என்பதற்கு ஏறக்குறைய பதிவே இல்லை. அறுபது வயது முழங்காலோடு ஆடியதைப் பார்த்து, இந்தப் பேட்டையின் நடை இதுதான் என்று இலக்கணம் எழுதுவது எப்படி நியாயம்?

பேட்டையைவிட ஆர்கெஸ்ட்ராதான் ஆட்டத்தை மாற்றுகிறது என்பது என் கட்சி. டாரியென்ஸோவின் இசைக்குழுவில் 1935 கடைசியில் ரொடோல்ஃபோ பியாஜி பியானோவில் வந்து உட்கார்ந்த பிறகு வந்த பதிவுகளைக் கேளுங்கள், அந்தத் துள்ளலுக்கு நீளமாக நடந்துகொண்டிருக்க முடியாது, கால் சின்னதாகி வெட்டி வெட்டி விழும். 1950களின் டி சார்லி இசைக்குழுவுக்கு அதே ஆள் நீண்டு நடப்பான். புக்லியேசே குழுவுக்கு நிற்பான். ஒரே இரவில் ஒரே மனிதன்.

—

பின்னடி எழுதியது:

இரண்டு பேரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் வந்த பெயர்களை ஒரு தடவை எண்ணிப் பாருங்கள், ஆடிய பெண்ணின் பெயர் ஒன்றாவது இருக்கிறதா? பாடமாக்கிய சுசானா மில்லர் ஒருவர்தான் வந்தார். இந்த விவாதம் எங்கே நடந்தாலும் இதே கதைதான், பேட்டை என்றால் அந்தப் பேட்டையின் ஆண்கள்.

பிராக்திகாவில் ஆண்கள் ஆண்களோடு பழகினார்கள் என்றால் அதே நேரத்தில் பெண்கள் வீட்டில், அம்மா, சித்தி, அண்ணன், அக்கா என்று யார் கிடைத்தார்களோ அவர்களோடு சமையலறையிலும் முற்றத்திலும் பழகினார்கள். நடன இரவுக்கு அம்மா காவலுக்குக் கூடவே வந்து உட்கார்ந்திருப்பார். அங்கே போனால் எந்தக் கிளப்பில் எப்படிப் பழகியவன் என்று தெரியாத ஆளோடு ஆட வேண்டும், அடுத்த தாண்டாவில் (சேர்ந்தாற்போல் போடும் சில பாட்டுகள்) இன்னொருவன், அதற்கடுத்து இன்னொருவன். ஒருவனுடைய ஆட்டம் இன்னொருவனுடையதிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்பது யாருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்? அவர்களைக் கேட்டு எழுதி வைத்தது மிகக் குறைவு. எனக்கு இது பெரிய இழப்பாகத் தெரிகிறது, இரண்டு பாணிகளில் எது அசல் என்ற கேள்வியைவிடப் பெரியது.

நான் பின்தொடர்ந்து ஆடுகிறவள், அதனால் உடம்புக்குத் தெரிவதைச் சொல்கிறேன். நெருங்கிய அணைப்பில், முன்பக்கம் லேசாகச் சாய்ந்து ஆடும்போது என் எடையில் ஒரு பங்கை அவருடைய மார்பு வாங்கிக்கொள்கிறது. கால் எனக்குக் கண்ணில் படாது, தேவையும் இல்லை, அவர் மூச்சை இழுக்கும்போதே அடி வரப்போவது தெரிந்துவிடும். 'ஓச்சோ கோர்த்தாதோ' என்று ஒரு அடி இருக்கிறது, போய்க்கொண்டிருப்பதைச் சட்டென்று தடுத்துத் திருப்பிக் குறுக்கே கட்டிவிடுவது. நெரிசலில் முன்னால் இடமில்லாதபோது நின்ற இடத்திலேயே தாளத்தை விடாமல் ஆட அதைவிடச் சிறந்த அடி கிடையாது. என் இடுப்பு அதிகம் திரும்ப வேண்டாம், மார்பு பிரிய வேண்டாம்.

வில்லா உர்கிசா என்று சொல்லி ஆடுகிறவர்களோடு ஆடும்போது நான் என் எடையை நானே தாங்குகிறேன். நடக்கும்போது அணைப்பு மூடியிருக்கும், சுழற்சி வந்ததும் என் இடதுகை அவர் முதுகில் வழுக்கிக்கொண்டு விலகும், என் இடுப்புக்கு இடம் கிடைக்கும், முடிந்ததும் மறுபடி மூடிக்கொள்ளும். அந்த ஒரு விரல் அளவு திறப்பும் மூடலும் நன்றாக வரும் ஆள் அபூர்வம். வந்தால் அதற்கு ஈடு இல்லை.

இரண்டிலும் தளர்ச்சியாக ஆடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், இரண்டிலும் அற்புதமாக ஆடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். 'நான் இந்தப் பாணிக்காரன்' என்று முதலிலேயே சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் எனக்காக எதையும் மாற்றிக்கொள்ள மாட்டார்கள். என் உயரம் என்ன, என் முழங்கால் எப்படி, எனக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று கேட்கவே மாட்டார்கள். வெறும் தழுவலிலேயே அதைக் கேட்டுத் தெரிந்துகொள்கிற கிழவர்கள் புவெனஸ் ஐரஸில் இருக்கிறார்கள், அவர்களில் யாரும் என்னிடம் பாணிப் பெயர் சொன்னதில்லை.

—

நடைபழகி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. பின்னடி, நீங்கள் சண்டர்லாண்டுக்குப் போயிருக்கிறீர்களா? இன்னொன்று, என் முதல் ஆசிரியர் உலகப் போட்டியைத்தான் அடிக்கடி ஆதாரமாகக் காட்டுகிறார், அங்கே ஜெயிப்பவர்கள் எல்லாம் வில்லா உர்கிசா வழியில் வந்தவர்கள்தான் என்று. அதற்கு என்ன சொல்வீர்கள்?

—

பின்னடி எழுதியது:

போயிருக்கிறேன். இருட்டும் சிவப்பு விளக்கும் எதிர்பார்த்துப் போகாதீர்கள், வெளிச்சம் கண்ணைக் கூசும். மேலே பார்த்தால் கூடைப்பந்து வளையம் மடக்கி வைத்திருக்கும், சுற்றிலும் மேசை போட்டுக் குடும்பம் குடும்பமாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், பிறந்தநாள் கேக் வெட்டுவார்கள், நடுவில் டாங்கோ. அவ்வளவு வெளிச்சத்தில் எல்லாரும் எல்லாரையும் பார்க்கிறார்கள், சுற்றி உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் நாற்பது வருடமாக ஆடுகிறவர்கள். அந்தப் பார்வைக்கு நடுவே ஆடினால் நடை தானாகவே சுத்தமாகும் என்று எனக்குத் தோன்றியது. 'சின் ரும்போ' என்கிற கிளப்பும் அதே பக்கம்தான், ஆனால் தளம் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட சின்ன இடம். அங்கே போர்த்தலேயா நீளமாக நடந்தார் என்றால் எவ்வளவு கணக்காக நடந்திருப்பார் என்று யோசியுங்கள். பெரிய தளம் இருந்ததால் நீள நடை வந்தது என்று இரவுரோண்டா எழுதியதை அந்த ஒரு கூடம் கொஞ்சம் அசைத்துவிடும்.

—

பாண்டோனியன் எழுதியது:

போட்டி விஷயத்துக்கு நான் சொல்கிறேன். உலகப் போட்டி தொடங்கியது 2003இல், நகர அரசு நடத்துவது. சலோன் பிரிவுக்கு, இப்போது 'டாங்கோ தே பிஸ்தா' என்கிறார்கள், விதிகள் மிலோங்காவை ஒட்டியே எழுதப்பட்டவை. இசை ஓடும்போது அணைப்பைப் பிரிக்கக் கூடாது, தாவல் தூக்கல் கிடையாது, பல ஜோடிகள் ஒரே ரோண்டாவில், அதாவது தளத்தைச் சுற்றும் வரிசையில், சுற்றி வர வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அரங்கின் தூரத்திலிருந்து நடுவர் பார்க்கிறார், பார்வையாளர்கள் பார்க்கிறார்கள். தூரத்திலிருந்து கண்ணுக்குத் தெரிவது எது? நீளமான நடை, நேரான முதுகு, தெளிவான சுழற்சி, பெண்ணின் பாத அலங்காரம். மார்புக்குள் நடக்கும் பரிமாற்றம், தாளத்தை அரை அடி தள்ளி வைத்து விளையாடுவது, இதெல்லாம் பத்தாவது வரிசைக்கே தெரியாது. ஆகவே ஜெயிக்கும் உருவம் ஒன்று உருவாகிறது, அதைப் பார்த்து அடுத்த வருடம் வருகிறவர்கள் பழகுகிறார்கள். சண்டர்லாண்டில் கார்லோஸ் பெரெஸும் ரோஸா ஃபோர்தேவும் பல வருடம் சொல்லிக்கொடுத்தவர்கள், அவர்களிடம் பழகிய இளைஞர்கள் போட்டியில் நன்றாகச் செய்தார்கள், அந்த வெற்றிக்குப் பின்னால் இருக்கும் உழைப்புக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் கோப்பையை வைத்துப் பாரம்பரியத்துக்கு உரிமை கோர முடியாது. தேதே வகையில் ஆடுகிறவரைப் போட்டியில் இறக்கினால் முதல் சுற்றிலேயே வெளியே வந்துவிடலாம், அதனால் அவர் பாரம்பரியம் இல்லாதவர் ஆகிவிடுவாரா?

—

இரவுரோண்டா எழுதியது:

சின் ரும்போ பற்றி பின்னடி சொன்னது நியாயம், தளத்தின் அளவு மட்டுமே காரணம் என்றால் அந்தக் கூடத்தில் வேறு ஆட்டம் வந்திருக்க வேண்டும். ஆனால் அது என் பக்கத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. சின்னத் தளத்திலும் அந்த ஆட்கள் அந்த நடையை விடவில்லை என்றால், அது யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதுதான் முக்கியம், தரை இல்லை. பாண்டோனியன், நீங்கள் ஆர்கெஸ்ட்ரா என்கிறீர்கள், அதே ஆர்கெஸ்ட்ராவை ரேடியோவில் நகரமே கேட்டது, இருந்தும் ஆட்டம் ஒன்றாகிவிடவில்லையே. டாங்கோ அர்ஹென்தினோவில் உலகம் பார்த்த விருலாஸோவை எடுத்துக்கொள்ளுங்கள், மத்தாதெரோஸ் பக்கத்து ஆள், பெரிய உடம்பு, தன் ஜோடி எல்விராவோடு தரையைப் பிடித்துக்கொண்டு ஆடுவார். எந்த நல்ல வில்லா உர்கிசாக்காரரும் அப்படி ஆட மாட்டார், ஆடவும் முடியாது. நீங்கள் சொல்வது போல விளம்பரத்துக்காகப் பெயர் வைத்திருக்கலாம், பெயருக்குக் கீழே இருந்த மனிதர்கள் விளம்பரத்துக்காக வந்தவர்கள் இல்லை.

நடைபழகி, உங்கள் கடைசிக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, தேர்ந்தெடுக்க வேண்டுமா என்று. இப்போதைக்கு வேண்டாம். இரண்டு ஆசிரியர்களிடமும் போய்க்கொண்டே இருங்கள், ஒருவரிடம் கற்றதை இன்னொருவர் வகுப்பில் காட்டாதீர்கள், வீண் மனஸ்தாபம். முடிந்தால் பெண்ணின் இடத்தில் நின்று சில மாதம் பழகுங்கள், பழைய பிராக்திகாவில் செய்தது போலவே. மிலோங்காவில் தளம் காலியாக இருக்கும் முதல் மணி நேரத்தில் டி சார்லிக்கு நடந்து பாருங்கள், கூட்டம் ஏறிய பிறகு பியாஜியின் இசையைப் போடும்போது அணைப்பை மூடி அடியைச் சுருக்குங்கள். ஒரே ஜோடியோடு இரண்டையும் ஆடிவிட்டு, எது சுகமாக இருந்தது என்று அவரைக் கேளுங்கள். பின்னடி எழுதியதை இன்னொரு முறை படித்துவிட்டுக் கேளுங்கள்.